வெட்டுப்பட மறுத்த சிப்பாய்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் கிராணி வேலாயுதத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. ரயில்வே பண்டகசாலையில் கணக்கெழுதும் கிராணியாக வேலை பார்த்தவர் என்பதால் அல்ல. வழியில் அகப்படுகிறவர்களை எல்லாம் நிறுத்தி வைத்து ஒரு சதுரங்க ஆட்டத்தின் கதையைச் சொல்லுவார் என்பதால்தான். மனிதர் குடையோடு எதிரே வருவது தெரிந்தால், அவசரமாகப் பாசாருக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள் சந்து மாறிப் போவார்கள்.

அந்த ஆட்டம் எழுபது எண்பது வருடங்களுக்கு முன்னால் இலண்டனில் ஒரு காப்பிக் கடையில் ஆடியது. ஒரு பக்கம் பட்டாளத்துக் கேப்டன், மறு பக்கம் ஒரு பாதிரியார். தன் நாட்டுக்குத் திரும்பவிருந்த வெள்ளைக்கார என்ஜினியர் ஒருவர் வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டபோது, அட்டை கிழிந்த சதுரங்கப் புத்தகம் ஒன்று வேலாயுதத்துக்குக் கிடைத்தது. நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் அதில் இருந்தன. அவர் இந்த ஒன்றை விட்டு நகரவே இல்லை.

காரணம், வெள்ளையின் நாலாவது நகர்வு. அதுவரை இரண்டு பேரும் மரியாதையாக ஆடுகிறார்கள். ராஜாவுக்கு முன்னால் இருக்கிற சிப்பாய், பிறகு குதிரை, பிறகு மந்திரி என்று இருபுறமும் ஒரே மாதிரி வெளியே வருகின்றன. அப்போது திடீரென்று வெள்ளை, ராணிப் பக்கத்துக் குதிரைக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, எதிரியின் மந்திரி வாயருகே கொண்டுபோய் வைக்கிறது. சும்மா, இனாமாக. எதிரி மந்திரி அதை வெட்டுகிறது. வெட்டிய குற்றத்துக்காக அந்த மந்திரி அங்கும் இங்கும் ஓட வேண்டியிருக்கிறது. அது ஓடுகிற நேரத்தில் வெள்ளை நடு மைதானத்தைப் பிடித்து, வழியெல்லாம் திறந்து, கடைசியில் ராணியையே தூக்கிக் கொடுத்து எதிரி ராஜாவை முடித்துவிடுகிறது.

“இத மொதல்ல கண்டுபிடிச்சவன் யாரு தெரியுமா? இந்தப் பட்டாளத்துக்காரன் இல்ல, வேற ஒரு கப்பல் கேப்டன்,” என்பார் வேலாயுதம். “கப்பல் முழுகாம இருக்கணும்னா சரக்கக் கடல்ல தூக்கிப் போடுறானே, அந்த மாதிரி. குடுக்கத் தெரிஞ்சவன்தான் ஆட்டக்காரன்.”

இதைக் கேட்டுத் தலையாட்டாத ஒரே ஆள் கன்னையா.

கன்னையா கிள்ளானுக்கு அருகே ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரசராக இருந்தவர். உருண்டையான உடம்பு, மெதுவான பேச்சு. ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் பிரிக்பீல்ட்ஸ் வந்து வேலாயுதம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, மாலை வரை பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். இருவரும் பழைய ஆட்டத்தை ஒவ்வொரு நகர்வாக நகர்த்தி, இங்கே இப்படிப் போயிருந்தால், அங்கே அப்படிப் போயிருந்தால் என்று அலசுவார்கள். நாலாவது நகர்வு வந்ததும் கன்னையா இருமுவார்.

“அண்ணே, ஒரே ஒரு தடவ மந்திரிய பின்னால இழுத்து வச்சுப் பாப்போமா? அந்தச் சிப்பாய எடுக்காம?”

“எடுக்காம என்னா பண்றது?”

“ஒரு கட்டம் பின்னால போயி நிக்கிறது. நம்ம வீட்டு வாசல்ல யாரோ பலகாரத் தட்டு வச்சுட்டுப் போறான். யாரு, எதுக்குன்னு தெரியாம எடுத்துத் திங்கலாமா? ஆஸ்பத்திரியில எத்தன பேருக்கு நான் பேதி மருந்து குடுத்திருக்கேன்.”

“அது ஆட்டமா கன்னையா? எதிரி கைய நீட்டுறான். பயந்துகிட்டு கதவ சாத்துறதா? அந்த வழிய என் பலகையில நான் வைக்க மாட்டேன்.”

உண்மையிலேயே வைத்ததில்லை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் போயின, அந்த மந்திரி ஒருநாளும் பின்வாங்கவில்லை. கன்னையாவும் வற்புறுத்தவில்லை. வேலாயுதத்தின் மனைவி தனலெட்சுமி வைக்கும் வத்தக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு மாலை ரயிலில் கிள்ளான் திரும்பிவிடுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டாம் வருடம் பிரிக்பீல்ட்ஸ் வாசக சங்கத்துக்கு ஆண்டு விழா வந்தது. வழக்கமாக நாடகம் போடுவார்கள். அந்த வருடம் ராஜபார்ட் போடுகிறவர் ஈப்போவுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். ஆர்மோனியக்காரருக்கும் சங்கத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை. செயலாளர் ராதாகிருஷ்ணன் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது வேலாயுதம் எழுந்தார்.

“மனுஷங்கள வச்சு சதுரங்கம் ஆடுவோம்,” என்றார். “பாடாங்கு மைதானத்துல சுண்ணாம்புக் கோடு போட்டு, கட்டம் கட்டமா ஆள நிறுத்தி, அந்த இலண்டன் ஆட்டத்த அப்படியே நடத்திக் காட்டுறேன். ரயில்வே துரை தலைமை தாங்க வராரே, அவருக்கும் புரியும். பாஷையே வேணாம்.”

துரைக்குப் புரியும் என்ற ஒரு சொல்லுக்காகவே ராதாகிருஷ்ணன் சம்மதித்தார். முந்தைய வருடம் நாடகத்தின் நடுவில் துரை தூங்கிப்போய், அவரை எழுப்ப ராதாகிருஷ்ணன் மேசைக்கு அடியில் அவர் காலைத் தட்ட வேண்டியிருந்தது.

ஆள் சேர்ப்பது எளிதாக இருக்கும் என்று வேலாயுதம் நினைத்தார். முதல் தொல்லை நிறத்தில் வந்தது. ஆண்டு விழா அன்று கறுப்பு உடுத்த ஒருவரும் ஒப்பவில்லை. கறுப்புக் கட்சி சிவப்புக் கட்சியானது. வெள்ளை ராஜாவாகச் சங்கத் தலைவர் பட்டு வேட்டியோடு நிற்கச் சம்மதித்தார், ஆனால் வெயிலில் நிற்க மாட்டேன், குடை வேண்டும் என்றார். வெள்ளை ராணி வேடம், நாடகங்களில் பெண் வேடம் கட்டுகிற தபால்கார விஜயனுக்குப் போனது. ராணி கடைசியில் உயிரைக் கொடுக்கிறாள் என்று கேள்விப்பட்டதும் அவன் ஒரு நிபந்தனை போட்டான்.

“சாகுறதுக்கு முந்தி ஒரு பாட்டு வேணும் அண்ணே. ராணி சும்மா சாகலாமா?”

“சின்னதா பாடு,” என்றார் வேலாயுதம். கொடுக்கத் தெரிந்தவர்தானே அவர்.

இதையெல்லாம் சமாளித்துவிட்டார். மாட்டிக்கொண்டது நாலாவது நகர்வில். அந்தச் சிப்பாய்க்கு ஆள் கிடைக்கவில்லை. ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் முதல் ஆளாகச் சாக வேண்டும் என்றதும், கேட்டவர்கள் எல்லோருக்கும் அன்றைக்கு வேறு வேலை வந்தது. ஒருவருக்கு மாமியார் ஊரில் காது குத்து. இன்னொருவர், “வேற ஏதாச்சும் குடுங்க, கடைசி வரைக்கும் நிக்கிற மாதிரி,” என்றார். மூன்றாமவர் நேரடியாக, “சகுனம் சரியில்ல லா,” என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் வேலாயுதத்துக்கு அய்யாவு ஞாபகம் வந்தது. ரயில்வே பட்டறையில் இரும்பு காய்ச்சி அடிக்கிற கொல்லுப் பிரிவு மேஸ்திரி. மலை மாதிரி ஆள். மீசையைப் பார்த்தால் எதிரே வருகிற மாட்டு வண்டி ஒதுங்கும். அப்படிப்பட்ட ஒருவர் முன்னால் வந்து நின்று வெட்டுப்பட்டால் பார்க்கிறவர்கள் பதறுவார்கள், பெரிய பொருளைக் கொடுத்தோம் என்பது கண்ணுக்குத் தெரியும் என்று வேலாயுதம் கணக்குப் போட்டார். முன்பு மூன்று பேரிடம் பட்ட அனுபவத்தால் இந்தத் தடவை எச்சரிக்கையாகப் பேசினார்.

“மேஸ்திரி, முக்கியமான வேஷம் ஒண்ணு இருக்கு. அந்த ஆட்டமே அந்த ஆள வச்சுத்தான். உங்கள விட்டா வேற ஆளு கெடையாது.”

அய்யாவு மீசையைத் தடவினார். “வசனம் இருக்கா கிராணியாரே?”

“வசனம் கெடையாது. நாலாவது தடவ நான் கூப்பிடுறப்ப, ரெண்டு கட்டம் முன்னால வந்து கம்பீரமா நிக்கணும். அவ்வளவுதான். ஒத்திகைக்குக்கூட நீங்க வர வேணாம், பட்டறையில வேலை ஜாஸ்தின்னு தெரியும்.”

சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. நின்ற பிறகு என்ன ஆகும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அன்று வீட்டுக்குத் திரும்பும்போது வேலாயுதத்துக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. கலைக்காகச் செய்கிற காரியம் என்று அதை அடக்கிவிட்டார்.

அய்யாவு வீட்டில் நடந்தது அவருக்குத் தெரியாது. மனைவி இராஜம்மா வெள்ளைத் துணியில் ஜரிகை வைத்துத் தலைப்பாகை தைத்தாள். குவார்ட்டர்ஸில் வரிசை வரிசையாகச் செய்தி போனது. கிள்ளானுக்கு அந்தப் பக்கம் மேரு என்ற ஊரில் இருந்த அவள் அப்பாவுக்கு ஆள் அனுப்பினாள். மாப்பிள்ளை துரை முன்னிலையில் கதாநாயக வேடம் கட்டுகிறார் என்று பெரியவர் குடும்பத்தோடு விடியற்காலையில் வண்டி கட்டி, கிள்ளான் வந்து, அங்கிருந்து ரயில் ஏறி வந்து சேர்ந்தார். சும்மா வரவில்லை. இரண்டு சித்தப்பாமார்களும், அவர்கள் வீட்டுப் பெண்களும் ஒரு கூடை மங்கிஸ்தான் பழத்தோடு கூட வந்தார்கள்.

விழா நாள் மாலை பாடாங்கில் கூட்டம் நிறைந்திருந்தது. சுண்ணாம்புக் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. சிவப்பும் வெள்ளையுமாகத் தலைப்பாகைகள், தகர வாள்கள், அட்டையில் செய்த குதிரைத் தலைகள். யானைகளுக்குச் சணல் சாக்கில் தும்பிக்கை தைத்திருந்தார்கள், அது காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் மேசை மேல் நாற்காலி போட்டு வேலாயுதம், குரலைப் பெரிதாக்கும் தகரக் குழலோடு உட்கார்ந்தார். எதிர்ப் பக்கம் இன்னொரு மேசையில் இன்னொரு குழலோடு கன்னையா. சிவப்பின் நகர்வுகளை வாசிப்பது அவர் பொறுப்பு. வேலாயுதம் எழுதிக் கொடுத்த தாள் அவர் மடியில் இருந்தது. துரை முன்வரிசையில் எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ராதாகிருஷ்ணன்.

தொடக்கம் அழகாக இருந்தது. சிப்பாய்கள் வந்தார்கள். குதிரைகள் துள்ளின. வெள்ளை மந்திரி வந்தார், சிவப்பு மந்திரி வந்தார். வேலாயுதம் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். காகிதத்தில் கறுப்பு எழுத்தாக இருந்த ஆட்டம் கண் முன்னால் காலும் கையுமாக நடந்துகொண்டிருந்தது. அவர் குழலை வாயில் வைத்து, குரலை இழுத்து, நாலாவது நகர்வைக் கூப்பிட்டார்.

அய்யாவு புறப்பட்டார். நடந்தாரா என்றால் இல்லை, ஊர்வலம் வந்தார். ஒரு கட்டம், இன்னொரு கட்டம். வந்து நின்று, காலை அகட்டி, இடுப்பில் கை வைத்து, கூட்டத்தைப் பார்த்து மீசையை முறுக்கினார். மேரு சனம் எழுந்து கைதட்டியது. ஒரு சித்தப்பா சீட்டியடித்தார். துரைகூடக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார்.

கன்னையா தாளைப் பார்த்து வாசித்தார். “சிவப்பு மந்திரி சிப்பாயை வெட்டுகிறார்.”

சிவப்பு மந்திரி மாணிக்கம் என்கிற ஒல்லியான வாலிபன். தகர வாளை ஓங்கிக்கொண்டு வந்தவன், அய்யாவுக்கு எதிரில் வந்ததும் நின்றுவிட்டான்.

“என்னா மாணிக்கம்?” என்றார் அய்யாவு.

“மேஸ்திரி, கோச்சுக்காதீங்க. உங்கள வெட்டணுமாம்.”

“யாரு சொன்னா?”

“கிராணியாரு. நீங்க கீழ விழுந்து, அப்புறம் அந்தப் பக்கமா எந்திரிச்சுப் போயிடணும்.”

“நான் இப்பதான வந்தேன்.”

பட்டறையில் அய்யாவிடம் சம்மட்டி அடிக்கிற ஆள் மாணிக்கம். ஒத்திகையில் அய்யாவு இடத்தில் ஒரு நாற்காலி இருந்தது. நாற்காலியை வெட்டுவது வேறு, நாளைக் காலையில் பழுக்கக் காய்ச்சிய இரும்போடு எதிரில் நிற்கப்போகிற மனிதரை வெட்டுவது வேறு. வாளை மெதுவாக இறக்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

வேலாயுதம் மேசையிலிருந்து இறங்கி ஓடினார். ஓடும்போது சுண்ணாம்புக் கோடு அழிந்தது.

“மேஸ்திரி, விழுங்க,” என்றார் தாழ்ந்த குரலில். “துரை பாக்குறாரு.”

“துரை மட்டுமா பாக்குறாரு? என் மாமனாரும் பாக்குறாரு. மேருவுலேருந்து வந்திருக்காரு. வந்து உக்காந்து இன்னும் வெத்தல போட்டு முடிக்கல. அதுக்குள்ள நான் சாகணுமா?”

“இது தியாகம் மேஸ்திரி. நீங்க போனாத்தான் நம்ம ராஜாவுக்கு வழி தெறக்கும். உலகத்துல சதுரங்கம் தெரிஞ்சவன் எல்லாம் இந்தச் சிப்பாயப் பத்திப் பேசுறான்.”

“வழி தெறக்கட்டும். நான் ஓரமா நின்னுக்கிறேன்.”

“ஓரமா நிக்க முடியாது.”

“முக்கியமான வேஷம்னீங்களே.”

“முக்கியந்தான்.”

“மொதல்ல சாகுறவன் எப்படிங்க முக்கியம்?” அய்யாவு குரலை உயர்த்தவில்லை. ஆனால் அந்தக் குரல் உயர்த்தாமலே பாடாங்கின் கடைசி வரிசைக்குப் போகும். “எங்க வீட்டுல மூணு நாளா தலப்பா தச்சிருக்கா. நீங்க அன்னிக்கே சொல்லியிருந்தா, நான் அன்னிக்கே முடியாதுன்னு சொல்லியிருப்பேன்.”

அதற்குத்தான் சொல்லவில்லை என்று வேலாயுதத்தால் எப்படிச் சொல்ல முடியும்? வெள்ளை ராஜா குடைக்கு அடியிலிருந்து, “என்னய்யா அங்க தாமசம்?” என்று கேட்டார். யானைகளில் ஒன்று தும்பிக்கையைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டது.

கடைசியில் மாணிக்கம்தான் ஒரு யோசனை சொன்னான். “கிராணியாரே, சண்ட எதுக்கு? நான் திரும்பிப் போயிடுறேன். எங்க பக்கமா சாய்வா ஒரு கட்டம் பின்னால போயி நின்னுக்கிறேன். மேஸ்திரி இங்கேயே இருக்கட்டும்.” பதிலுக்குக் காத்திராமல் போய் நின்றும் விட்டான்.

வேலாயுதம் எதிர்ப் பக்கம் பார்த்தார். கன்னையா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை வேலாயுதம் பார்த்ததே இல்லை. கன்னையா மடியிலிருந்த தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குழலை எடுத்தார்.

“சிவப்பு மந்திரி பின்வாங்குகிறார்,” என்று அறிவித்தார். “சிப்பாய் வேண்டாம் என்கிறார்.”

துரை ராதாகிருஷ்ணனிடம் சாய்ந்து ஏதோ சொன்னார். ராதாகிருஷ்ணன் சந்தோஷம் தாங்காமல் மைதானத்தைப் பார்த்துக் கத்தினார். “அண்ணே, துரையும் சதுரங்கம் ஆடுவாராம். இது ரொம்பப் புத்திசாலித்தனமான நகர்வுன்னு சொல்றாரு.”

வேலாயுதம் மேசைக்குத் திரும்பி நடந்தபோது காது இரண்டும் சுட்டன. ஆட்டத்தை நிறுத்திவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். கூட்டம் காத்திருந்தது. துரையும் தன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இலண்டன் ஆட்டம் போய்விட்டது. இனி அவரும் கன்னையாவும் நேருக்கு நேர். அதுவும், அவர் தன் பலகையில் ஒருநாளும் வைக்க மறுத்த வழியில்.

சரி, பயந்து ஓடுகிறவனைத் துரத்த வேண்டியதுதான் என்று முடிவு கட்டினார். “சிப்பாய் முன்னேறுகிறார். எதிரிக் குதிரையை விரட்டுகிறார்.”

“இன்னும் ஒரு கட்டமா?” என்று அய்யாவு சந்தோஷமாகக் கேட்டுவிட்டு முன்னேறினார். மேரு சனம் மறுபடி எழுந்தது. சிவப்புக் குதிரை அட்டைத் தலையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் ஓரத்துக்கு ஓடியது. அது காவல் காத்த சிப்பாய் நடுவில் அநாதையாக நின்றது. வேலாயுதம் யோசிக்கவே இல்லை. வெள்ளைக் குதிரையை அனுப்பி அதை வெட்டினார்.

மைதானத்தில் விழுந்த முதல் பிணம் அது. கூட்டம் ஆரவாரித்தது. கன்னையா தன் இன்னொரு குதிரையை மறு ஓரத்தில் நிதானமாகக் கொண்டுவந்து நிறுத்தினார். வேலாயுதம் அந்தக் குதிரையை வெட்டினார். கன்னையா பதிலுக்கு ஒரு வெள்ளைக் குதிரையை எடுத்தார். வேலாயுதம் அடுத்து ஒரு சிப்பாயை வெட்டினார், அதற்கும் அடுத்து இன்னொன்றை, மந்திரி ஒருவரைக் கொடுத்து. சிவப்புத் தலைப்பாகைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புல்லில் விழுந்து, எழுந்து, தேத்தண்ணீர் மேசைப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. தனலெட்சுமி பக்கத்திலிருந்த பெண்ணிடம், “எங்க வீட்டுக்காரர்தான் ஜெயிக்கிறாரு,” என்று சொல்லிவிட்டாள்.

கன்னையா மட்டும் அவசரப்படவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு மூச்சு விட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிற மாதிரி நகர்வைச் சொன்னார். பிறகு, “சிவப்பு ராணி வெளியே வருகிறார்,” என்றார்.

ராணி வந்து நின்ற கட்டத்தைப் பார்த்ததும் வேலாயுதம் குழலை இறக்கிவிட்டார். ஒரு கை அவருடைய மந்திரி மேல், இன்னொரு கை ராஜா பக்கத்துச் சிப்பாய் மேல், ராணிக்கு நேரே பின்னால் சிவப்பு யானையும் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. தன் பக்கம் திரும்பிப் பார்த்தார். இரண்டு யானைகளும் ஆரம்பத்தில் நிறுத்திய இடத்திலேயே நின்று கதை பேசிக்கொண்டிருந்தன. மிச்சமிருந்த ஒற்றைக் குதிரை வீட்டை விட்டு வெளியே வரவே இல்லை. அத்தனை நேரமும் சிப்பாய் பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். எடுக்கிறவன் கெட்டுப்போவான் என்று ஊரெல்லாம் நிறுத்திச் சொன்னவர் அவர்தான்.

அதற்கப்புறம் வெகு நேரம் ஆகவில்லை. வெள்ளை ராஜா குடையோடு இந்தக் கட்டத்துக்கும் அந்தக் கட்டத்துக்கும் ஓடி ஓடி மூச்சு வாங்கி, “வேலாயுதம், போதும்யா,” என்றார். வேலாயுதம் எழுந்து தோல்வியை ஒப்புக்கொண்டார். ராஜா கீழே விழ வேண்டும் என்பது முறை. பட்டு வேட்டி அழுக்காகும் என்று தலைவர் விழவில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்து காட்டினார்.

அப்போது ராணி விஜயன் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேசைக்கு வந்தான். “அண்ணே, என் பாட்டு?”

“உன்ன யாரும் வெட்டலியேப்பா.”

“அதுக்கு நானா பொறுப்பு?” என்றான். மைதானத்தின் நடுவுக்குப் போய், யாரும் கொல்லாமலே மார்பில் கை வைத்து, முழுப் பாட்டையும் பாடி முடித்துத்தான் விழுந்தான். துரை மிகவும் ரசித்தார்.

கூட்டம் கலைந்தபோது வேலாயுதம் பாடாங்கின் ஓரத்தில் தகரக் குழலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். யாரும் தன்னிடம் வந்து பேசிவிடக் கூடாது என்று இருந்தது. அப்போது வெற்றிலை வாயோடு ஒரு பெரியவர் வந்து கும்பிட்டார். பின்னால் இராஜம்மா, சித்தப்பாமார்கள், எல்லோருக்கும் பின்னால் தலைப்பாகையோடு அய்யாவு.

“கிராணியாரே, எனக்கு இந்த ஆட்டம் ஒண்ணும் தெரியாது,” என்றார் பெரியவர். “மத்தவனெல்லாம் விழுந்து விழுந்து போனான். எங்க மாப்பிள்ள மட்டும் எதிரி கூட்டத்துக்குள்ள போயி கடைசி வரைக்கும் அசையாம நின்னாரு. அப்ப அவருதான ஜெயிச்சது?”

வேலாயுதம் அய்யாவைப் பார்த்தார். அய்யாவு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டத்தில் தோற்றது யார் என்று மேஸ்திரிக்குத் தெரிந்திருந்தது என்பது அந்த நிற்பிலேயே புரிந்தது.

“ஆமாங்க,” என்றார் வேலாயுதம். “அவர வெட்ட யாராலயும் முடியல.”

பெரியவர் மனம் குளிர்ந்து இரண்டு மங்கிஸ்தானை அவர் கையில் வைத்துவிட்டுப் போனார். அய்யாவு கடைசியாகக் கடந்து போகும்போது நின்றார். “அடுத்த தடவ முன்னாலயே சொல்லிடுங்க கிராணியாரே. சாகுற வேஷம்னா சாகுற வேஷம். எங்க ஆளுங்கள கூப்பிடாம இருந்துக்குவேன்.”

“தப்புத்தான் மேஸ்திரி,” என்றார் வேலாயுதம். அது சொல்ல நினைத்ததைவிடச் சுலபமாக வந்தது.

வீட்டுக்கு வந்தபோது கன்னையா கூடத்தில் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார். ரயிலுக்கு நேரமாகிறது, சொல்லிக்கொண்டு போக வந்தேன் என்றார். முகத்தில் ஜெயித்த களை கொஞ்சமும் இல்லை. திருடி அகப்பட்டவர் மாதிரி இருந்தார்.

“அண்ணே, நான் தாளப் பாத்தே வாசிச்சிருக்கணும். எனக்கு ஆச வந்திருச்சு.”

வேலாயுதம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “அந்த ராணி வந்து நிக்கிற கட்டம். அத நீங்க இன்னிக்குக் கண்டுபிடிக்கல.”

கன்னையா தயங்கினார். “இல்லண்ணே. ஆஸ்பத்திரியில ராத்திரி முறையில காய்ச்சக்காரங்க தூங்கினப்புறம் தனியா வச்சுப் பாப்பேன். ரெண்டு பக்கமும் நானே ஆடுவேன்.”

“எத்தன நாளா?”

“நம்ம பழகின நாளுலேருந்து.”

வேலாயுதத்தோடு உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதர் ஒரு வழியைக் கண்டுபிடித்துவிட்டு, காட்ட ஆளில்லாமல், காய்ச்சல்காரர்களுக்கு நடுவில் தனக்குத் தானே காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு தடவை அந்த மந்திரியை நகர்த்தியிருந்தால் என்ன போயிருக்கும்? வேலாயுதம் பலகையை எடுத்து வந்து தரையில் விரித்தார்.

“செருப்ப கழட்டுங்க. மந்திரிய பின்னால வைங்க, பாப்போம்.”

கன்னையா உட்கார்ந்தார். மந்திரியை ஒரு கட்டம் பின்னால் வைத்தார். பிறகு பேச்சு வந்தது, அப்படி ஒரு பேச்சு அந்த மனிதருக்குள் இருந்தது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. குதிரையை எடுக்கும்போது என்ன, எடுக்காவிட்டால் என்ன, யானை எங்கே வர வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். வேலாயுதம் தாடையில் கை வைத்துக் கேட்டார்.

“சிப்பாய வெட்டப் போனது என் தப்பு,” என்றார் கடைசியில். “வேற என்னா செஞ்சிருக்கணும்?”

“சொல்லவாண்ணே?” கன்னையா குரலைத் தாழ்த்தினார். “அய்யாவு மேஸ்திரிய அப்படியே நிக்க விட்டுட்டு, அவருக்குப் பக்கத்துல ஓரத்துச் சிப்பாய ரெண்டு கட்டம் தள்ளியிருந்தீங்கன்னா, மாணிக்கம் நின்ன எடத்துல மூச்சு முட்டிப் போயிருப்பான். அதுக்குப் பதிலு எனக்கே சரியா தெரியாது. நீங்க அத சொல்லிடுவீங்களோன்னு குழலப் பிடிச்சுக்கிட்டு நடுங்கிட்டு இருந்தேன்.”

வேலாயுதம் ஓரத்துச் சிப்பாயைத் தள்ளிப் பார்த்தார். கண் சின்னதானது. “இங்க பாருங்க கன்னையா. இது ஜெயிக்கிற வழி.”

“இப்பத்தான் தோணுது, ஜெயிக்காதுண்ணே. நானும் என் ஓரத்துச் சிப்பாய ஒரு கட்டம் தள்ளி மந்திரிக்குப் பின் கதவு தெறந்து வச்சுக்குவேன்.”

“தெறந்தா? நான் சும்மா இருப்பேனா?”

“என்னா பண்ணிடுவீங்க?”

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த தனலெட்சுமி, கடைசி ரயிலும் போய்விட்டது என்று இரண்டு பேரிடமும் சொன்னாள். யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. அவள் உள்ளே போய் இன்னும் ஓர் ஆழாக்கு அரிசி களைந்தாள்.